வேளாண் கொள்கையில் உணவு உரிமையைக் கோருவோருக்கான ஒரு கருவி: 19 வழிகாட்டுதல்கள் குறித்த மதிப்பீடு

ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2004ஆம் ஆண்டு நவம்பரில் தன் உறுப்பு நாடுகளின் கருத்தொற்றுமையோடு ஏற்றுக்கொண்ட உணவு உரிமை வழிகாட்டுதல்களையும், அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கென்று அதே அமைப்பு 2009இல் வெளியிட்ட கருவித்தொகுப்பையும் இந்த மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் அந்த அமைப்பின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆய்வு மாணவர்களுக்கான ஆவணங்கள் என்று எண்ணி இவற்றை ஒதுக்கிவிடுவோர் பலர் உண்டு. ஆயினும் இவை கையில் எடுத்துப் பயன்படுத்துவதற்காகவே எழுதப்பட்டவை என்பதால், ஒரு கருவியை எந்த அளவுகோலால் மதிப்பிடுவோமோ அதையே இவற்றுக்கும் வைக்கிறேன். ஓர் உழவர் சங்கமோ, விவசாயக் கூலித் தொழிலாளர் அமைப்போ, நாடாளுமன்றத்தின் வேளாண் குழுவில் இடம்பெற்ற உறுப்பினரோ தம் நாட்டின் வேளாண் கொள்கையைப் பசியால் வாடுவோரின் பக்கம் திருப்ப முயலும்போது, இந்த ஆவணம் கையில் இருப்பதால் கூடுதலாக என்ன செய்ய முடிகிறது என்பதே என் கேள்வி.

உணவு ஓர் உரிமை என்ற ஏற்பு புதிதன்று. 1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 25ஆவது பிரிவில் அது இடம்பெற்றுவிட்டது. 1966இல் நிறைவேறி 1976இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குறித்த பன்னாட்டு உடன்படிக்கை, தன் 11ஆவது பிரிவில் அதைச் சட்டக் கடமையாகவே ஆக்கியது. பசியிலிருந்து விடுபடும் உரிமையைப் பேசும் அதே பிரிவின் இரண்டாம் பகுதியில், உணவு உற்பத்தி, பாதுகாப்பு, பகிர்வு ஆகியவற்றின் முறைகளை மேம்படுத்த வேண்டும் என்றும், அதற்காக வேளாண் அமைப்பு முறைகளை வளர்க்கவோ சீர்திருத்தவோ வேண்டும் என்றும் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. உணவு உரிமையை நிவாரணத் துறையின் பொறுப்பாகவும் வேளாண்மையை உற்பத்தித் துறையின் பொறுப்பாகவும் பிரித்துப் பார்க்கும் வழக்கத்துக்கு உடன்படிக்கையில் எந்த ஆதாரமும் இல்லை.

அந்தப் பிரிவினை எவ்வளவு பிழையானது என்பதைக் கள நிலவரமும் காட்டுகிறது. ஐ.நா. அமைப்புகள் 2025இல் வெளியிட்ட கூட்டறிக்கையின் மதிப்பீட்டின்படி 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 67.3 கோடிப் பேர் பசியோடு வாழ்ந்தனர். சத்துள்ள உணவை வாங்க இயலாத நிலையில் சுமார் 260 கோடிப் பேர் இருந்தனர். உலகம் போதிய அளவு விளைவிக்கவில்லை என்பது இதற்குக் காரணமன்று. நிலமற்றவர்கள், கூலி போதாதவர்கள், விளைபொருளுக்கு ஈடான விலை கிடைக்காத சிறு உழவர்கள் ஆகியோரே பசித்தவர்களில் பெரும்பங்கினர். இரண்டு ஹெக்டேருக்கும் குறைவான பண்ணைகள் உலகின் மொத்தப் பண்ணைகளில் சுமார் 84 விழுக்காடாக இருந்தும், அவற்றின் வசமுள்ளது வேளாண் நிலத்தில் சுமார் 12 விழுக்காடு மட்டுமே. அந்தச் சிறிய பரப்பிலிருந்தே உலக உணவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாக வருகிறது. உணவை விளைவிக்கும் கைகளே வெறுங்கையாக இருக்கும் ஒரு முறையை இலவச உணவு வழங்கலால் மட்டும் சரிசெய்துவிட முடியாது.

இனி ஆவணத்துக்கு வருவோம். அதில் 19 வழிகாட்டுதல்கள் உள்ளன. நல்லாட்சி, பொருளாதாரக் கொள்கை, சந்தை, நிறுவனங்கள், சட்டம், வளங்களைப் பெறும் வாய்ப்பு, உணவின் பாதுகாப்பு, ஊட்டச்சத்து, கல்வி, நிதி, நலிந்த பிரிவினர், சமூகப் பாதுகாப்பு, உணவு உதவி, பேரிடர், கண்காணிப்பு என்று அவை விரிகின்றன. இதைக் கையில் எடுக்கும் பலர் நேராக 14ஆவது வழிகாட்டுதலுக்குச் சென்று, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களைப் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்தப் பகுதியும் தேவையானதே. ஆனால் வேளாண் கொள்கையைப் பேச வந்தவர் 2, 8, 12, 17 ஆகிய எண்களிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான பரிந்துரை. இந்த நூலின் உண்மையான வலு அந்த நான்கில்தான் இருக்கிறது.

இரண்டாவது வழிகாட்டுதலின் ஐந்தாம் பத்தி, வேளாண்மை, மீன்வளம், வனம், நிலப் பயன்பாடு ஆகியவற்றுக்கான கொள்கைகள் எவரையும் விலக்காதவையாக இருக்க வேண்டும் என்கிறது. பொருத்தமான இடங்களில் நிலச் சீர்திருத்தத்தையும் இப்பட்டியலில் சேர்க்கிறது. உணவை உற்பத்தி செய்வோர், குறிப்பாகப் பெண்கள், தம் உழைப்புக்கும் முதலீட்டுக்கும் நிர்வாகத்துக்கும் நியாயமான வருவாய் ஈட்ட இக்கொள்கைகள் வழிசெய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். இந்த ஒரு பத்தியின் மதிப்பை நான் மிக உயர்வாகக் கருதுகிறேன். கொள்முதல் விலை குறித்த விவாதங்களில், உழவருக்கு நல்ல விலை என்பது ஒரு தொழில் பிரிவினரின் கோரிக்கையாகவும், மலிவான உணவு என்பது ஏழைகளின் நலனாகவும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. உற்பத்தியாளரின் நியாயமான வருவாயையே உணவு உரிமையின் ஒரு கூறாக வைப்பதன் மூலம் இப்பத்தி அந்த எதிர்நிலையைக் கலைத்துவிடுகிறது. விலையை உயர்த்துவதா, நுகர்வோரைக் காப்பதா என்ற கேள்வி மறைந்து, இரண்டையும் ஒருசேரச் செய்வதற்கான கொள்கை எது, அதன் செலவை யார் ஏற்க வேண்டும் என்ற கேள்வி அந்த இடத்துக்கு வருகிறது.

எட்டாவது வழிகாட்டுதல் உழைப்பு, நிலம், நீர், விதை உள்ளிட்ட மரபணு வளங்கள், நீடித்த தன்மை, சேவைகள் என்ற ஆறு உட்பிரிவுகளைக் கொண்டது. பெண்கள் நிலத்தைச் சொந்தமாக வைத்திருக்கவும் மரபுரிமையாகப் பெறவும் முழுமையான, சமமான உரிமை கொண்டவர்கள் என்பது இதில் நேரடியாகவே கூறப்பட்டுள்ளது. வேளாண் மானியம், பயிர்க்கடன், உழவருக்கு ஆலோசனை தரும் விரிவாக்கச் சேவை ஆகிய அனைத்தும் நிலப் பத்திரத்தில் உள்ள பெயரைப் பார்த்து வழங்கப்படும் நாடுகளில், வயலில் வேலை செய்யும் பெண்ணும், எழுத்துப்பூர்வ ஒப்பந்தமின்றிப் பயிரிடும் குத்தகையாளரும் எல்லாத் திட்டங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் விடுபட்டுப்போகிறார்கள். திட்டத்தின் தகுதி விதிகளை இந்த வழிகாட்டுதலோடு ஒப்பிட்டுப் படித்தால், எந்த விதி யாரை விலக்குகிறது என்பது வரிவரியாகப் புலப்படுகிறது. ஊரகக் கூலித் தொழிலாளர்களும் அவர்களது குடும்பங்களும் தகுந்த வாழ்க்கைத் தரத்தைப் பெறும் அளவுக்கு ஊதியம் தரும் வேலைவாய்ப்பு வேண்டும் என்பதையும் வேளாண் கொள்கையின் பகுதியாக இது வைத்திருப்பது, உழவர் அமைப்புகளும் தொழிலாளர் அமைப்புகளும் ஒரே மனுவில் கையெழுத்திட இடமளிக்கிறது. விதையைப் பற்றிய உட்பிரிவு மட்டும் எனக்கு ஏமாற்றமளித்தது. மரபறிவைக் காப்பது, பயன்களை நேர்மையாகப் பகிர்வது ஆகியவற்றைப் பேசும் அது, உழவர் தாம் சேமித்த விதையை விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உள்ள உரிமையைத் தெளிவாக நிறுவுவதில்லை.

பன்னிரண்டாவது வழிகாட்டுதல் நிதியைப் பற்றியது. பொதுப் பணத்தைச் செலவிடுவதில் வெளிப்படைத்தன்மையும் பொறுப்புடைமையும் வேண்டும் என்றும், நிதிக் குறைப்புகள் மிக ஏழைகளின் உணவைப் பாதிக்காதபடி அரசுகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அது கேட்கிறது. கேட்பதற்கு எளிமையாகத் தோன்றினாலும், கருவித்தொகுப்பில் உள்ள வரவுசெலவுத் திட்ட நூலோடு சேர்த்துப் பயன்படுத்தும்போது இது கூர்மையடைகிறது. வேளாண்மைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், ஒதுக்கப்பட்டதில் எவ்வளவு செலவானது, செலவானது எந்தப் பிரிவினரைச் சென்றடைந்தது, அவர்களில் உணவுப் பாதுகாப்பற்றோர் எத்தனை பேர் என்று படிப்படியாக இறங்கிச் செல்ல அந்நூல் வழிகாட்டுகிறது. இதன் தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சான்று: உலகெங்கும் வேளாண் உற்பத்தியாளர்களுக்கு ஆண்டுதோறும் அளிக்கப்படும் ஆதரவு சுமார் 54,000 கோடி டாலர் என்றும், அதில் ஏறத்தாழ 87 விழுக்காடு விலைகளைத் திரிப்பதாகவோ சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் கேடு செய்வதாகவோ உள்ளது என்றும் மூன்று ஐ.நா. அமைப்புகள் 2021இல் வெளியிட்ட அறிக்கை கணித்தது. பசியைப் போக்கப் பணமில்லை என்ற பதிலை, ஏற்கெனவே செலவாகும் பணத்தின் திசையைக் காட்டி எதிர்கொள்ள முடியும் என்பதே இதன் பொருள்.

பதினேழாவது வழிகாட்டுதல் கண்காணிப்பைப் பற்றியது. ஒரு கொள்கையோ திட்டமோ நடைமுறைக்கு வருமுன் உணவு உரிமையின் மீது அதன் தாக்கத்தை மதிப்பிடுவது குறித்து அரசுகள் பரிசீலிக்கலாம் என்று அது கூறுகிறது. பெரிய அணைகளுக்கும் ஆலைகளுக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வழக்கமாகிவிட்ட காலத்தில், ஏற்றுமதித் தடை, இறக்குமதி வரி, பயிர் மாற்றம், உர மானிய மாற்றம் ஆகியவற்றுக்கு அத்தகைய மதிப்பீடு இன்றும் அரிதாகவே இருக்கிறது. 2007–08ஆம் ஆண்டுகளின் உணவு விலை நெருக்கடியில் பல நாடுகள் அடுத்தடுத்து ஏற்றுமதியைத் தடை செய்தபோதும், உணவுப் பயிர்கள் எரிபொருள் உற்பத்திக்குத் திருப்பப்பட்டபோதும், இறக்குமதியை நம்பியிருந்த நாடுகளின் ஏழைகள் அதன் விலையைச் செலுத்தினார்கள். ஒரு நாட்டின் வேளாண் முடிவு எல்லை கடந்து பசியை உண்டாக்க முடியும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டிவிட்ட பிறகும், இந்த மதிப்பீட்டை விருப்பத்துக்கு விட்டுவைத்திருப்பது ஆவணத்தின் பெரிய குறை.

இந்தக் கருவியால் ஏதேனும் விளைந்திருக்கிறதா என்று வாசகர் கேட்பது நியாயமே. சட்ட மாற்றங்கள் அனைத்துக்கும் இந்த ஆவணமே காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆனால் உணவு உரிமையை வேளாண் கொள்கையோடு இணைத்தால் என்ன நிகழும் என்பதைப் பிரேசில் எடுத்துக்காட்டியது. பசியொழிப்புத் திட்டத்தை 2003இல் தொடங்கிய அந்நாடு, அதே ஆண்டில் குடும்ப உழவர்களிடமிருந்து அரசே உணவை வாங்கும் திட்டத்தையும் கொண்டுவந்தது. பள்ளி உணவுக்காக மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப உழவர்களிடம் கொள்முதல் செய்யச் செலவிட வேண்டும் என்று 2009இல் சட்டமே இயற்றியது. 2010இல் உணவைத் தன் அரசியலமைப்பின் சமூக உரிமைகளில் சேர்த்தது. பசி பரவலாக உள்ள நாடுகளைக் காட்டும் ஐ.நா.வின் பசி வரைபடத்திலிருந்து 2014இல் அதன் பெயர் நீங்கியது. பின்னர் பொருளாதார வீழ்ச்சியும் கொள்கை மாற்றங்களும் தொடர்ந்தன. குடிமக்கள் அமைப்புகளுக்குப் பெரும்பங்கு அளித்த தேசிய உணவு மற்றும் ஊட்டச்சத்துப் பாதுகாப்பு மன்றம் 2019இன் தொடக்கத்தில் கலைக்கப்பட்டது. நாடு மீண்டும் பசி வரைபடத்தில் இடம்பெற்றது. 2023இல் அந்த மன்றம் மறுபடி அமைக்கப்பட்டது. 2025இல் வரைபடத்திலிருந்து நாடு மீண்டும் வெளியேறியது. வழிகாட்டுதல்கள் நிறுவனங்களுக்கும் குடிமக்கள் பங்கேற்புக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கியிருப்பது ஏன் என்பதை இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்ட பிறகுதான் என்னால் முழுமையாக உணர முடிந்தது. நேபாளம் 2015ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் உணவு உரிமையோடு, தம் உணவு, வேளாண் முறைகளைத் தாமே தீர்மானிக்கும் மக்களின் உரிமையான உணவு இறையாண்மையையும் சேர்த்து, 2018இல் தனிச் சட்டமும் இயற்றியது. தென்னாப்பிரிக்கா, கென்யா ஆகிய நாடுகளின் அரசியலமைப்புகளிலும் இவ்வுரிமை இடம்பெற்றுள்ளது.

இப்போது குறைகள். முதன்மையானது, இது தன்னார்வ ஆவணம் என்பதாகும். எவர்மீதும் சட்டக் கடமையை இது சுமத்தவில்லை என்றும், நாட்டுச் சட்டத்திலோ பன்னாட்டுச் சட்டத்திலோ ஏற்கெனவே உள்ள உரிமைகளையும் கடமைகளையும் இது மாற்றாது என்றும் முன்னுரையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இதனால் தனியாக இந்த ஆவணத்தை மட்டும் ஏந்திச் சென்றால், அதிகாரி ஒருவர் இது கட்டாயமில்லையே என்று மடக்கிவிட முடியும். ஆகையால், உடன்படிக்கையின் 11ஆவது பிரிவையும், அதை விளக்கி ஐ.நா. குழு 1999இல் வெளியிட்ட 12ஆவது பொதுக் கருத்துரையையும் இதனோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும். மதித்தல், பாதுகாத்தல், நிறைவேற்றுதல் என்ற மூவகைக் கடமைகள் அந்தக் கருத்துரையில் விளக்கப்பட்டுள்ளன. பயிரிடுவோரை நிலத்திலிருந்து தக்க காரணமின்றி வெளியேற்றாதிருப்பது முதல் வகை. போலி விதை விற்பவரிடமிருந்தும் நீர்நிலையை நஞ்சாக்கும் நிறுவனத்திடமிருந்தும் அவர்களைக் காப்பது இரண்டாம் வகை. பாசனம், கடன், ஆராய்ச்சி போன்றவற்றை அவர்களுக்கு எட்டச் செய்வதும், தம்மால் உணவைப் பெற இயலாதோருக்கு நேரடியாக வழங்குவதும் மூன்றாம் வகை. வளம் இல்லை என்று ஓர் அரசு கூறினால், தன்னிடமுள்ள அனைத்தையும் பயன்படுத்த எல்லா முயற்சியும் செய்தோம் என்று காட்டும் பொறுப்பு அந்த அரசையே சேரும் என்றும் அக்கருத்துரை சொல்கிறது. வழிகாட்டுதல்களின் மென்மையான வாக்கியங்களுக்கு முதுகெலும்பு அங்கிருந்தே வருகிறது.

இரண்டாவது குறை வர்த்தகத்தில் உள்ளது. 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம், ஏழைகளுக்கு வழங்குவதற்காக அரசு நிர்ணயித்த விலையில் உணவு தானியம் வாங்கி இருப்பு வைத்தால், அந்த விலைக்கும் 1986–88ஆம் ஆண்டுகளின் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாட்டை மானியமாகக் கணக்கிடுகிறது. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய விலையை அடிப்படையாக வைத்து இன்றைய கொள்முதலை அளப்பது எத்தகைய அநீதி என்பதை விளக்கத் தேவையில்லை. 2013இல் அந்த அமைப்பின் பாலி மாநாட்டில், இத்தகைய கொள்முதல்மீது பிற நாடுகள் வழக்குத் தொடுக்காதிருப்பதற்கான தற்காலிகப் பாதுகாப்பு ஒன்று கிடைத்தது. நிரந்தரத் தீர்வு இன்னும் எட்டப்படவில்லை. சந்தையைப் பற்றிய நான்காவது வழிகாட்டுதலும், பன்னாட்டு நடவடிக்கைகளைப் பற்றிய இறுதிப் பகுதியும் வர்த்தகத்தின் நன்மைகளையும் வரம்புகளையும் பொதுவாகப் பேசுகின்றனவே தவிர, உணவு உரிமையும் வர்த்தக விதியும் மோதும்போது எது முந்த வேண்டும் என்று சொல்ல முன்வரவில்லை. உணவை அரசியல், பொருளாதார நெருக்குதலுக்கான ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடாது என்று 16ஆவது வழிகாட்டுதலில் காட்டிய துணிவை இங்கும் காட்டியிருக்கலாம்.

பருவநிலை மாற்றத்துக்கென்றும், விதை, உரம், தானிய வணிகம் ஆகியவற்றில் சில நிறுவனங்களின் கைகளில் குவியும் ஆதிக்கத்துக்கென்றும் தனி வழிகாட்டுதல்கள் இல்லை. 2004ஆம் ஆண்டின் ஆவணத்துக்கு இது ஓரளவு இயல்பே. நிலவுடைமை குறித்து 2012இல் உலக உணவுப் பாதுகாப்புக் குழு ஏற்ற வழிகாட்டுதல்களும், உழவர்கள் மற்றும் ஊரக உழைப்பாளர்களின் உரிமைகள் குறித்து ஐ.நா. பொது அவை 2018 டிசம்பரில் நிறைவேற்றிய பிரகடனமும் இடைவெளிகளில் சிலவற்றை நிரப்புகின்றன. அந்தப் பிரகடனத்துக்கு ஆதரவாக 121 நாடுகளும் எதிராக 8 நாடுகளும் வாக்களித்தன. 54 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. சேமித்த விதையைப் பயன்படுத்தவும் பரிமாறவும் விற்கவும் உழவருக்கு உள்ள உரிமை அதில் தெளிவாக இருக்கிறது. எட்டாவது வழிகாட்டுதலின் விதைப் பகுதியைப் படிப்பவர் அந்தப் பிரகடனத்தின் 19ஆவது பிரிவையும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பயன்படுத்தும் எளிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழிகாட்டுதல்களின் மொழி பேச்சுவார்த்தை மேசையில் செதுக்கப்பட்ட மொழி. விலக்குகளும் நிபந்தனைகளும் நிறைந்தது. முதன்முறை படிப்போர் சோர்ந்துபோகக்கூடும். ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளிலும் அது கிடைக்கிறது என்றாலும், அதை உண்மையில் பயன்படுத்த வேண்டிய சிறு உழவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஆறில் எதுவும் தாய்மொழியன்று. உழவர் அமைப்புகள் தத்தம் மொழியில் தேவையான பகுதிகளை மட்டும் சுருக்கி எழுதிக்கொள்வது பயனளிக்கும். 2, 8, 12, 17 ஆகியவற்றை எடுத்துக்கொண்டாலே தொடங்குவதற்குப் போதுமானது. கருவித்தொகுப்பில் உள்ளவற்றுள் சட்டம் இயற்றுவதற்கான கையேடு மிகச் சிறந்தது. அரசியலமைப்பு, தனிச் சட்டம், துறைவாரிச் சட்டங்களின் மறுஆய்வு என்று மூன்று அடுக்குகளாக அது பிரித்துக் காட்டுவதால், முழுச் சட்டம் கைகூடாத நாட்டிலும் விதைச் சட்டத்திலோ நீர்ச் சட்டத்திலோ ஒரு திருத்தத்தைக் கோரும் வழி திறந்திருக்கிறது. கண்காணிப்பு பற்றிய இரு தொகுதிகள் புள்ளியியல் அறிந்தோருக்கே பயன்படும். மற்றவர்கள் அவற்றைத் தவிர்த்துவிடலாம்.

கருவித்தொகுப்பு வெளிவந்த பிறகு எத்தனையோ சட்டங்களும் தீர்ப்புகளும் வந்துவிட்டன. எடுத்துக்காட்டுகளைப் புதுப்பித்த ஒரு பதிப்பை அந்த அமைப்பு வெளியிட வேண்டும். அதுவரை, உலக நாடுகளின் உணவு, வேளாண் சட்டங்களை அதே அமைப்பு திரட்டி வைத்திருக்கும் ஃபாவோலெக்ஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தைத் துணையாகக் கொள்ளலாம். தேட விரும்பும் நாட்டையும் பொருளையும் தேர்ந்தெடுத்தால் சட்டத்தின் மூலப் பாடத்தையே பெரும்பாலும் எடுத்துப் படிக்க முடிகிறது. வரைவுச் சட்டத்துக்குக் கருத்துத் தெரிவிக்கக் குறுகிய காலமே தரப்படும் சூழலில், வேறொரு நாட்டில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ள ஒரு பிரிவை எடுத்துக்காட்டி எழுதப்படும் மனு, பொதுவான வேண்டுகோளைவிடக் கூடுதல் கவனத்தோடு படிக்கப்படும்.